கத்தரி யார் கையில்?

இந்த முறை வந்த கேள்விகள் முழுக்கச் சட்டை பற்றி. பெங்களூரு ஹெப்பகோடியில் ஒருவர் ஆரம்பித்துவைத்தது ஓசூர் வரை தொற்றிக்கொண்டது. அரசியல் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும். அரசியல்வாதிகள் அதற்குள் எங்கேயும் போய்விட மாட்டார்கள்.

கே: முப்பது வயது வரை ரெடிமேடிலேயே ஓட்டிவிட்டேன். முதல்முறையாக அளவு கொடுத்து ஒரு நல்ல சட்டை தைத்துக்கொள்ள ஆசை. டெய்லரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வழி சொல்லுங்கள். (ஹெப்பகோடி)

ப: கடைக்குள் போனதும் "வெட்டுறது யாருங்க?" என்று கேளுங்கள். அளவெடுப்பவரே வெட்டுகிறார் என்றால் உட்காருங்கள். "மாஸ்டர் வேற இடத்துல இருக்கார், அளவை அனுப்பிடுவோம்" என்றால், உங்கள் உடம்பு அவரிடம் துண்டுச் சீட்டில் பத்து எண்களாகத்தான் போய்ச் சேரும். வலது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதும், கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தே உட்கார்ந்து முதுகு வளைந்திருப்பதும் அந்தச் சீட்டில் ஏறாது. தைப்பவர் வேறு ஆளாக இருந்தால் பரவாயில்லை. கத்தரி பிடிப்பவர் உங்களை ஒருமுறையாவது நிற்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

கே: எனக்குத் தையலில் அரிச்சுவடி கூடத் தெரியாது. அவர் திறமைசாலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பேன்? (கம்மசந்திரா)

ப: அவர் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தனக்குத் தைத்துக்கொள்ள எந்த டெய்லருக்கு நேரம் கிடைத்தது? டெலிவரிக்குத் தொங்கும் சட்டைகளில் கட்டம் போட்ட ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பாக்கெட் இருப்பதே தெரியாதபடி கட்டங்கள் அதன் மேல் ஓடுகின்றனவா? பட்டன் போட்ட பிறகு இரண்டு பக்கத்துக் கோடுகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா? இதற்குத் துணியும் கூடுதலாக வேண்டும், பொறுமையும் கூடுதலாக வேண்டும். அடுத்து, காலரின் இரண்டு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

கடைசியாக டேப்பை வாங்கி, ஓர் இன்ச்சுக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பத்துக்குக் கீழே என்றால் அவசரக்காரர். பதினாறு, பதினெட்டு என்றால் நிதானமானவர். மெஷினில் ஒரு திருகைத் திருப்பினால் தையல் நெருங்கிவிடும். அதே சட்டைக்கு நேரமும் நூலும் கூடுதலாகப் போகும் என்பதால்தான் பலர் திருப்புவதில்லை.

கே: முதல் நாள் டெய்லரிடம் என்னென்ன கேட்க வேண்டும்? (சந்தாபுரா)

ப: அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். இன் பண்ணுவீர்களா, வெளியே விடுவீர்களா? வாட்ச் எந்தக் கையில்? பேண்ட்டைத் தொப்புளுக்கு மேலே கட்டுவீர்களா, கீழேயா? உள்ளே பனியன் உண்டா? நாள் முழுக்க உட்கார்ந்த வேலையா? வாட்ச் கட்டும் கைக்கு கஃப் கால் இன்ச்சாவது தாராளமாக வேண்டும். வெளியே விடும் சட்டையை இன் பண்ணும் நீளத்துக்கு வைத்தால் இரவல் சட்டை போலத் தெரியும். இதெல்லாம் ஒன்றுமே கேட்காமல் "ஃபுல் கையா, ஆஃப் கையா?" என்பதோடு முடித்துக்கொள்பவர், கையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

கே: பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததே? (பொம்மசந்திரா)

ப: கொடுங்கள், ஆனால் போட்டுக்கொண்டு போய்க் கொடுங்கள். மேஜையில் விரித்துப் போட்டு அளந்தால் அதில் இருக்கும் குறைகளும் அப்படியே புதுச் சட்டைக்குக் குடிபோகும். உடம்பில் இருக்கும்போதுதான் "இங்கே பிடிக்குது, இங்கே தொங்குது" என்று தொட்டுக் காட்ட முடியும்.

கே: ஹெப்பகோடியைச் சுற்றி கார்மெண்ட்ஸ் ஃபேக்டரிகள். அங்கே பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர் எங்கள் தெருவில் கடை போட்டிருக்கிறார். நம்பித் தைக்கலாமா? (ஹெப்பகோடி)

ப: எந்த செக்ஷனில் வேலை பார்த்தார் என்று கேட்டுவிட்டு நம்புங்கள். ஃபேக்டரியில் ஒரு சட்டையை ஒருவர் தைப்பதில்லை. காலர் ஒருவர், கஃப் ஒருவர், கை ஏற்றுவது ஒருவர், சைடு மூட்டுவது ஒருவர் என்று லைன் முழுக்க ஆள் இருப்பார்கள். பத்து வருஷம் காலர் மட்டும் தைத்தவர் காலரில் ராஜா. அவர் திருப்பிவிட்ட காலர் முனையை எந்த ஊர் மாஸ்டரும் எட்டிப் பிடிக்க முடியாது. ஆனால் அவர் கைக்கு வரும்போதே துணி வெட்டப்பட்டு, பண்டில் கட்டி, நம்பர் ஒட்டி வந்துவிடும். பேட்டர்ன் கம்ப்யூட்டரில் போடப்படுகிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து, மெஷின் கத்தியால் ஒரே மூச்சில் பல டஜன் சட்டைகளுக்கு வெட்டிவிடுகிறார்கள். 40 சைஸ் என்றால் எல்லாம் 40 சைஸ். அதில் யாருடைய உடம்பும் இல்லை.

ஆக, லைனில் இருந்தவர் என்றால் தையலுக்கு நூறு மதிப்பெண் கொடுங்கள். வெட்டுக்குத் தனியாகப் பரீட்சை வையுங்கள். "சாம்பிள் செக்ஷன்" என்று சொன்னாரானால் காபி வாங்கிக் கொடுத்து உட்காருங்கள். வெளிநாட்டு வியாபாரியிடம் ஒப்புதல் வாங்க அனுப்பும் முதல் சட்டையை முழுக்க ஒரே ஆள் தைக்கும் இடம் அது. "பேட்டர்ன் மாஸ்டராக இருந்தேன்" என்றால் காபியோடு வடையும்.

கே: தையல் கூலி கேட்டேன். அந்தக் காசுக்கு ரெண்டு ரெடிமேட் சட்டையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. அநியாயம் இல்லையா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

ப: ஃபேக்டரிக் கணக்கில் ஒரு ஃபார்மல் சட்டையின் தையல் வேலை சுமார் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஒவ்வொரு வேலையையும் விநாடிக் கணக்கில் அளந்து பலருக்குப் பிரித்துக் கொடுத்தால்தான் அது சாத்தியம். உங்கள் மாஸ்டர் ஒற்றை ஆளாக அளந்து, வெட்டி, தைத்து, பட்டன் வைத்து, அயர்ன் போட்டுக் கொடுக்க அரை நாளாவது போகும். ரெடிமேட் சட்டை விலையில் தைத்தவருக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு சின்னத் துண்டு என்று தெரிந்தால் நீங்கள் எதை அநியாயம் என்பீர்களோ!

தையல்காரர்களின் காசில் கை வைத்தால் என்ன ஆகும் என்று இந்த ஓசூர் ரோடு ஒருமுறை பார்த்திருக்கிறது. பி.எஃப். கணக்கில் முதலாளி கட்டும் பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் கார்மெண்ட்ஸ் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் இறங்கினார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரிய சங்கம் எதுவும் கூப்பிட்டு வந்தவர்கள் இல்லை. போக்குவரத்து நின்றது, தடியடி நடந்தது, ஹெப்பகோடி போலீஸ் ஸ்டேஷனில் வண்டிகள் எரிந்தன. 19-ம் தேதியே அரசு விதியை வாபஸ் வாங்கிக்கொண்டது. எரிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கூலி விஷயத்தில் பேரம் பேசுவதாக இருந்தால் வேறு ஊராகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மால் ஒன்றில் "பெஸ்போக்" என்று போர்டு. தெருவில் "ஜென்ட்ஸ் டெய்லர்" என்று போர்டு. என்ன வித்தியாசம்? (அனந்த் நகர்)

ப: பெரும்பாலும் ஏசி. மிச்சத்தைச் சொல்கிறேன். ரெடிமேடில் சட்டை முதலில் பிறந்துவிடுகிறது. உங்கள் உடம்பு அதற்குள் நுழைய வேண்டும். மேட்-டு-மெஷர் என்பது தயாராக இருக்கும் ஒரு பேட்டர்னை உங்கள் அளவுக்கு அங்கங்கே நீட்டிச் சுருக்குவது. ரேமண்ட் போன்ற பெரிய நிறுவனங்கள் அதை அதே பெயரிலேயே விற்கின்றன, அதில் ஒளிவுமறைவு இல்லை. சாதாரண உடல்வாகு உள்ளவர்களுக்கு அதுவே போதும். பெஸ்போக் என்றால் உங்கள் ஒருவருக்காகவே வரைந்து வெட்டியிருக்க வேண்டும். போர்டை நம்பாமல் "என் பேப்பர் பேட்டர்னைக் காட்டுங்க" என்று கேளுங்கள். திருதிருவென்று விழித்தால் அது மேட்-டு-மெஷர், விலைதான் பெஸ்போக்.

தெரு மாஸ்டர் பேப்பரில் வரைவதில்லை. துணி மேலேயே சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுகிறார். அதுவும் உங்களுக்கென்றே வரைந்ததுதான். ஒரே சங்கடம், முதல் சட்டையில் செய்த திருத்தங்கள் அடுத்த சட்டைக்குள் காற்றில் போய்விடும். அவரது அளவு நோட்டில் உங்கள் பக்கத்தில் அத்தனை திருத்தத்தையும் எழுதச் சொல்லுங்கள். நீங்களும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டு தொலைவது டெய்லர் கடைகளில் நடக்காத அதிசயம் இல்லை.

கே: இப்போது மெட்ரோ வந்துவிட்டதே. கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கே போய்த் தைத்தால் என்ன? (ஹெப்பகோடி)

ப: 2025 ஆகஸ்டில் மஞ்சள் பாதை திறந்த பிறகு ஹெப்பகோடி சிட்டிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்னவோ உண்மை. பயோகான் ஹெப்பகோடி ஸ்டேஷனில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைப் பாதைக்கு மாறினால் நேரே சிக்பேட்டை. துணி எடுக்க அங்கே போங்கள். மொத்தக் கடைகளில் துணியைத் தொட்டுத் தடவி, கசக்கிப் பார்த்து வாங்கலாம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்கு மெஜஸ்டிக்கில் இன்னொரு முறை மாற வேண்டும். கோட்டு சூட்டு என்றால் அப்படி மாறிப் போவதில் அர்த்தம் உண்டு. 1923-ல் தொடங்கிய பி.என்.ராவ் மாதிரி நூறு வருஷம் கடந்த கடைகள் இந்த ஊரில் இருக்கின்றன.

சட்டைக்கு மட்டும் என் கட்சி வேறு. அளவு கொடுக்க ஒருமுறை, போட்டுப் பார்க்க ஒருமுறை, துவைத்த பிறகு திருத்த இன்னொருமுறை என்று குறைந்தது மூன்று தடவை டெய்லர் முகத்தில் விழிக்க வேண்டும். மூன்றாவது தடவைக்குச் சோம்பல்பட்டே பாதிப் பேர் சரியில்லாத சட்டையோடு காலம் தள்ளுகிறார்கள். பால் வாங்கப் போகும்போது எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருக்கும் சுமாரான மாஸ்டர், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேதையைவிட நல்ல சட்டை தருவார்.

கே: சட்டைக்கு ட்ரையல் கேட்டால் டெய்லர் சிரிக்கிறார். "கல்யாணக் கோட்டா சார்?" என்கிறார். (ஓசூர்)

ப: சிரிக்கட்டும். அவரிடம் ட்ரையல் கேட்காமலே ட்ரையல் வாங்கும் வழி ஒன்று உண்டு. மூன்று துணி கையில் இருந்தாலும் முதலில் ஒன்றை மட்டும் கொடுங்கள். அந்தச் சட்டையை வாங்கி, மூன்று முறை துவைத்து, ஒரு முழு நாள் ஆபீஸுக்குப் போட்டுப் போய்விட்டு, அதைப் போட்டுக்கொண்டே திரும்பிப் போங்கள். குறைகளை அவர் கண்ணால் பார்க்கட்டும். மிச்சம் இரண்டு துணியை அதற்குப் பிறகு கொடுங்கள். லண்டன் ஜெர்மின் ஸ்ட்ரீட்டில் சில பெரிய கடைகள் முதல் ஆர்டரிலேயே நாலு, ஆறு சட்டை என்று கட்டாயம் வைத்திருந்தன. அங்கேகூட முதல் சட்டையைத் தனியாகத் தைத்து, துவைத்துப் பார்த்து, ஒத்துக்கொண்ட பிறகுதான் மற்றவற்றில் கத்தரி வைப்பார்கள். ஒற்றைச் சட்டையை மலர்ந்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும் டெய்லர் நம்ம ஊரில்தான் இருக்கிறார்.

கே: சட்டை பொருந்துகிறதா என்று கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கசங்கிப் பிதுங்குகிறதே? (ஹுஸ்கூர் ரோடு)

ப: கண்ணாடி முன்னால் எல்லாரும் விறைப்பாகத்தான் நிற்கிறோம். மெட்ரோவில் நிற்பது போல நில்லுங்கள். கையை உயர்த்தி, மேலே தொங்கும் பிடியைப் பிடிப்பது போலப் பிடியுங்கள். சட்டை முழுவதும் பேண்ட்டை விட்டு மேலேறி வருகிறதா? ஆர்ம்ஹோல் ஆழமாக வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். அக்குளில் தாராளமாக இருந்தால் வசதி என்று டெய்லரும் நினைக்கிறார், நாமும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. அக்குளுக்கு நெருக்கமாக வெட்டினால் கை மட்டும் தனியாக உயரும். இறக்கி வெட்டினால் கையோடு சேர்ந்து சட்டையின் பக்கம் முழுவதும் எழுந்து வரும். பழக்கமில்லாதவருக்கு முதல் நாள் கொஞ்சம் பிடிப்பது போலத் தோன்றும். அறுக்காதவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்தும் பாருங்கள். வயிற்றில் பட்டனுக்கு இடையே வாய் பிளந்தால் இடுப்பில் துணி போதவில்லை.

கே: தொப்பை உண்டு. அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளலாமா? (சந்தாபுரா)

ப: தாராளமாக. சட்டை போடும் நாளெல்லாம் அப்படியே பிடித்துக்கொள்ள முடியுமானால்.

கே: காலர் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்? (அத்திபெலே)

ப: மேல் பட்டன் போட்ட பிறகு கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். உங்கள் விரல்; டெய்லருடையது வேண்டாம். டை கட்டாதவர் என்றால் இன்னொன்றும் உண்டு. மேல் பட்டன் திறந்தே இருக்கும்போது காலர் இரண்டு பக்கமும் சரிந்து படுத்துவிடாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அது காலரைத் தாங்கும் அடிப்பட்டியின் உயரத்திலும் இரண்டாவது பட்டன் எங்கே உட்கார்கிறது என்பதிலும் இருக்கிறது. மேல் பட்டனைத் திறந்து விட்டு மாஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பலரும் அதை மூடிவைத்தே அளவெடுத்துப் பழகியவர்கள்.

கே: தைத்து வந்தபோது இரண்டு விரல் போன காலரில், இரண்டு மாதத்தில் ஒரு விரல்கூடப் போகவில்லை. கழுத்து பெருத்துவிட்டதா? (பொம்மசந்திரா)

ப: கழுத்தின் மேல் பழி போடாதீர்கள். பருத்தித் துணி இரண்டு மூன்று சதவீதம் சுருங்குவது சாதாரணம். 16 இன்ச் காலரில் மூன்று சதவீதம் என்றால் கிட்டத்தட்ட அரை இன்ச். 25 இன்ச் கையில் முக்கால் இன்ச். துணியை வாங்கிய கையோடு டெய்லரிடம் கொடுக்காமல், ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அயர்ன் போட்டுக் கொடுங்கள். "உள்ளே வைக்கிற கேன்வாஸை நனைச்சீங்களா?" என்று மாஸ்டரையும் ஒரு கேள்வி கேளுங்கள். துணி நனைந்து, கேன்வாஸ் நனையாமல் போனால் முதல் துவையலில் காலர் சுருக்கம் விழுந்து முறைக்கும்.

கே: காலரில் ஒட்டுகிற கேன்வாஸ் நல்லதா, ஒட்டாமல் தைக்கிற கேன்வாஸ் நல்லதா? (எலெக்ட்ரானிக் சிட்டி)

ப: சூடு வைத்து ஒட்டினால் காலர் விறைப்பாக, மொழுமொழுவென்று நிற்கும். மட்டமான பசை என்றால் சில துவையலில் கொப்புளம் போல எழும்பும். ஒட்டாமல் வைத்தால் மென்மையாக வளையும், நாள்பட உழைக்கும், அயர்ன் போடத்தான் கை வேண்டும். வீட்டில் அயர்ன் போடுவது யார் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். அது நீங்கள் இல்லை என்றால் அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது குடும்பத்துக்கு நல்லது.

கே: முதல் சட்டைக்கு என்ன துணி எடுக்கலாம்? கடைக்காரர் நூற்றிருபது கவுண்ட் என்று ஆசை காட்டுகிறார். (கம்மசந்திரா)

ப: வெள்ளை அல்லது வெளிர்நீலம், கோடும் கட்டமும் இல்லாத சாதாரணப் பாப்ளின். பரீட்சைக்குப் போகும் துணி அது. வெட்டில் இருக்கும் கோளாறு பூப்போட்ட துணியில் ஒளிந்துகொள்ளும். வெள்ளையில் ஒளிய இடமில்லை. கவுண்ட் ஏற ஏற நூல் மெலிசாகும். வழுவழுப்பு கூடும், கசங்குவதும் கூடும், விலை கேட்கவே வேண்டாம். அறுபது, எண்பதில் ஆரம்பியுங்கள். 58 இன்ச் பன்னா (அகலம்) என்றால் சராசரி உடம்புக்கு முழுக்கைச் சட்டைக்கு 1.6 மீட்டர் போதும். 36 இன்ச் பன்னாவில் வரும் கைத்தறி என்றால் இரண்டரை மீட்டர் வரை இழுக்கும்.

கே: "ஒரிஜினல் ஜிஸா காட்டன்" என்று கவர் போட்டு விற்கிறார்களே, வாங்கலாமா? (ஓசூர்)

ப: கவர் ஒரிஜினலாக இருக்கலாம். ஜிஸா என்பது எகிப்துப் பருத்தி. 2016-ல் எகிப்துப் பருத்தி என்று விற்ற படுக்கை விரிப்புகளில் வேறு பருத்தி இருந்தது என்று சொல்லி, அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் ஓர் இந்திய ஆலையோடு உறவையே முறித்துக்கொண்டது. அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி என்றால், கவரைப் பார்த்து நீங்களும் நானும் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறோம்? நீண்ட இழைப் பருத்தி வேண்டும் என்று ஆசையிருந்தால் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கோயம்புத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் சுஜாதா என்ற நம் ரகத்தையும் செயின்ட் வின்சென்ட் என்ற மேற்கிந்தியத் தீவு ரகத்தையும் இணைத்து 1974-ல் வெளியிட்ட "சுவின்". உலகத்தின் மிக மெல்லிய பருத்திகளில் ஒன்று. விளைவது கொஞ்சம், விலை அதிகம். அதனால் ஐந்தாவது சட்டைக்கு யோசிப்போம்.

கே: மெட்ராஸ் செக் சட்டை சாயம் போகுமா? (அனந்த் நகர்)

ப: போகும் என்று தெரிந்தால் பெருமை, தெரியாவிட்டால் சண்டை. 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் துணி வாங்கினார். பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே நாயர்தான். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய்ச் சட்டையானது. குளிர்ந்த தண்ணீரில் பதமாக அலச வேண்டும் என்ற சேதி மட்டும் கூடவே போகவில்லை. மெஷினில் போட்டவர்களின் மற்ற துணியெல்லாம் வண்ணமயம். வழக்கு வரும் என்று பயந்த நேரத்தில், "சாயம் போவது உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்து, ஒவ்வொரு துவையலிலும் புது நிறம் காட்டும் அதிசயத் துணி என்று விற்றுத் தீர்த்தார்கள். உங்கள் டெய்லருக்கு அவ்வளவு வாய்ச் சாமர்த்தியம் இருக்காது. எனவே துணியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள்.

கே: பட்டனும் காஜாவும் சின்ன விஷயம்தானே? (அத்திபெலே)

ப: மீட்டிங் நடுவில் அறுந்து விழும் வரை. வேகத்துக்காக ஒற்றை நூல் சங்கிலித் தையலில் வைத்த பட்டனில் ஒரு முனையை இழுத்தால் மொத்தமும் உருவிக்கொண்டு வந்துவிடும். கையால் வைத்து, பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தரச் சொல்லுங்கள். காஜாவில் நூல் பிசிறு தெரியாமல் இருக்க வேண்டும். நிறைய கடைகளில் காஜா வெளியே போய் வருகிறது, அதில் தவறில்லை. திரும்பி வந்ததை மாஸ்டர் ஒருமுறை பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி.

கே: நான் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பெண். எனக்கு ஒரு ஃபார்மல் சட்டை தைக்க ஆள் கிடைப்பதில்லை. ஜென்ட்ஸ் டெய்லர் சாக்குப்பை தைக்கிறார், பிளவுஸ் டெய்லர் காலரைக் கண்டு ஓடுகிறார். (எலெக்ட்ரானிக் சிட்டி)

ப: இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். ஒருவருக்கு காலர் தெரியும், இன்னொருவருக்கு உடம்பு தெரியும். கால் இன்ச் பிசகினால் திரும்பி வரும் பிளவுஸை வெட்டிப் பழகியவருக்கு டக் எங்கே விழ வேண்டும் என்பது கை மனப்பாடம். ஜென்ட்ஸ் மாஸ்டர் அதைத் தொட்டதே இல்லை. வெட்டு முக்கியம் என்று மேலே சொன்னேனே, அதன்படி பார்த்தால் உங்களுக்கு ஏற்றவர் நல்ல பிளவுஸ் கட்டிங் தெரிந்த மாஸ்டர். அவரை உடம்புப் பகுதியை வெட்டச் சொல்லி, காலரையும் கஃபையும் சட்டை தைப்பவரிடம் கொடுக்க ஒத்துக்கொள்வாரா என்று கேளுங்கள். ஒரே கடையில் இரண்டு பேரும் இருந்தால் அதிர்ஷ்டம். கார்மெண்ட்ஸில் பெண்கள் சட்டை லைனில் இருந்தவர்களும் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், விசாரியுங்கள்.

ஒரு குறிப்பு மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். முதலில் குறிக்கும் பட்டன் மார்பின் அகலமான இடத்துக்கு நேராக வர வேண்டும். மற்றவற்றை அதிலிருந்து மேலும் கீழுமாகக் கணக்கிட வேண்டும். மேலிருந்து சம இடைவெளி விட்டு வந்தால் சரியாக அந்த இடத்தில்தான் வாய் பிளக்கும். சேஃப்டி பின் கம்பெனிகள் பிழைப்பது இதனால்தான்.

கே: காந்தி மதுரையில் சட்டையையே துறந்தார். நீங்கள் பக்கம் பக்கமாகச் சட்டை எழுதுகிறீர்களே, வெட்கமில்லையா? (ஹெப்பகோடி)

ப: 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி. எனக்கும் தெரியும். ஆனால் அவர் டெய்லர்கள் மேல் கோபித்துக்கொண்டு துறக்கவில்லை. 1924-ல் இயந்திரங்களைப் பற்றிய பேச்சு வந்தபோது, சிங்கர் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தவர் அவர். சிங்கர் தன் மனைவி கையால் தைத்து அலுத்துப்போவதைப் பார்த்து, அன்பால் உருவாக்கிய மெஷின் என்று அதற்குக் காரணமும் சொன்னார். மனைவிக்காக அயர்ன் பாக்ஸையாவது கையில் எடுங்கள், பிறகு என் வெட்கத்தைப் பற்றிப் பேசலாம்.

கே: எனக்குக் கன்னடம் வராது. டெய்லருக்குத் தமிழ் வராது. எப்படிச் சமாளிப்பது? (புதிதாக ஹெப்பகோடிக்கு வந்தவர்)

ப: காலர், கஃப், காஜா, லூஸ், டைட், பாக்கெட். சட்டைக்கு இதற்கு மேல் மொழி தேவைப்படாது. அவர் "நாளெ" என்பதும் உங்களுக்குத் தானாகப் புரிந்துவிடும். நம்பத்தான் கூடாது.

கே: தீபாவளிக்கு முதல் சட்டை தைக்கலாம் என்றிருக்கிறேன். எப்போது கொடுக்க வேண்டும்? (சந்தாபுரா)

ப: தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து. பண்டிகை நெருக்கத்தில் எவ்வளவு நல்ல மாஸ்டரும் வெட்டை அசிஸ்டென்டிடம் விட்டுவிடுவார், தையலை வெளியே கொடுத்துவிடுவார். வருஷம் முழுக்க உங்களைப் பார்த்து வெட்டும் கை அந்த மூன்று வாரம் மட்டும் உங்களைப் பார்க்காது. உகாதிக்கும் கல்யாண சீசனுக்கும் இதே கதைதான். ஆடியில் கொடுங்கள். கடை காற்று வாங்கும், மாஸ்டர் உங்களோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்.

கே: சட்டை வந்தது, சரியில்லை. சண்டை போடலாமா? (ஓசூர்)

ப: சட்டையைப் போட்டுக்கொண்டு போய், ஒன்றும் பேசாமல் அவர் முன்னால் நில்லுங்கள். நல்ல மாஸ்டர் என்றால் நீங்கள் வாயைத் திறப்பதற்குள் கை தானாகத் தோளுக்கு வரும். "போகப் போகச் சரியாயிடும் சார்" என்று சொன்னால் மிச்சத் துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். செருப்பு போகப் போகச் சரியாகும். சட்டை ஆகாது.

கே: நீங்கள் சொன்னபடியே செய்தேன். இரண்டாவது சட்டை பிரமாதமாக வந்திருக்கிறது. எங்கே தைத்தது என்று ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லிவிடலாமா? (ஹெப்பகோடி)

ப: மூன்றாவது சட்டை கைக்கு வரட்டும். அதற்கு முன்னால் சொன்னீர்களானால் அவர்களுடைய சட்டைகள் முதலில் வரும்.